45 நாளில் மேய்ச்சலுக்குத் தயார் என்று விற்கப்படும் தீவன விதை: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: அறந்தாங்கிக்கு அருகில் என் அண்ணன் 20 வெள்ளாடுகளும் 2 கறவை மாடுகளும் வளர்க்கிறார். ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம் உள்ள ஒரு ஏக்கர் நிலத்தைத் தீவனத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறார். இணையத்தில் ‘சூப்பர் நேப்பியர் விதை, 45 நாளில் ஆடு மாடுகளை மேய விடலாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். நான் சிங்கப்பூரிலிருந்து பணம் கட்டினால் ஊருக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: வாங்க வேண்டாம். நேப்பியர் ஒட்டுப்புல்லை விதையாக விற்பவர் வேறு ஏதோ ஒரு புல்லின் விதையைத்தான் உங்களிடம் விற்கிறார். கம்பையும் நேப்பியர் புல்லையும் இணைத்து உருவாக்கிய இந்த ஒட்டுப்புல் முளைக்கும் விதையைத் தருவதில்லை. கம்பில் 14 குரோமோசோம்களும் நேப்பியரில் 28 குரோமோசோம்களும் இருப்பதால் இரண்டுக்கும் பிறந்த ஒட்டில் 21 வருகிறது. அந்த ஒற்றைப்படைக் கணக்கே அதை மலடாக்குகிறது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 4, கோ 5 ஆகட்டும், தாய்லாந்திலிருந்து வந்து ‘சூப்பர் நேப்பியர்’ என்று பெயர் வாங்கிய ரகம் ஆகட்டும், எல்லாவற்றையும் இரண்டு கணு உள்ள தண்டுக் கரணையாகவோ (வெட்டிய தண்டுத் துண்டு) வேர்க்கட்டையாகவோதான் நட வேண்டும். பொட்டலத்தில் வருகிறது என்றாலே அது நீங்கள் கேட்ட பொருள் அல்ல.

‘45 நாள்’ என்பதும் பாதி உண்மைதான். கரணை நட்ட பிறகு முதல் அறுப்புக்கு 75 முதல் 80 நாள் ஆகும். அதன் பிறகுதான் 45 நாளுக்கு ஒரு முறை அறுக்க முடியும். விளம்பரம் அந்த இரண்டாவது கணக்கை மட்டும் காட்டுகிறது. மேலும், இது அறுத்துப் போடும் புல். இளந்தூர்களின் மேல் ஆடுகளை நேரடியாக விட்டால் கடித்ததைவிட மிதித்துக் கெடுத்ததுதான் அதிகமாக இருக்கும்.

எவ்வளவு தேவை என்ற கணக்கை அண்ணன் முதலில் போட்டுப் பார்க்கட்டும். ஒரு வெள்ளாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 கிலோ பசுந்தீவனம், ஒரு கறவை மாட்டுக்குச் சுமார் 25 கிலோ என்று வைத்தால், மொத்தம் 130 கிலோ. ஆண்டுக்கு 47 டன்னுக்குச் சற்று மேல். நல்ல நீரும் உரமும் கிடைத்தால் கோ 4 ஒரு எக்டேரில் ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் தரும் என்பது பல்கலைக்கழகத்தின் கணக்கு. ஏக்கருக்கு 140 டன் வருகிறது. ஊரில் அதில் பாதிதான் கிடைக்கும் என்று குறைத்து வைத்தாலும், தேவையில் பெரும்பகுதிக்கு 40 சென்ட் போதும். 60 செ.மீ.க்கு 50 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்கு 13,000 கரணைக்கு மேல் பிடிக்கும். 40 சென்டுக்குச் சுமார் 5,400 கரணை வாங்கினால் போதும். முழு ஏக்கருக்கும் வாங்கச் சொல்பவர் தம் விற்பனையைத்தான் பார்க்கிறார். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அண்ணன் அங்கே விசாரிக்கலாம், அல்லது புல் ஏற்கெனவே நன்றாக வளர்ந்திருக்கும் பக்கத்து ஊர்த் தோட்டத்தில் கண்ணால் பார்த்து வாங்கலாம். வெட்டிய கரணை வெயிலில் காயும். தொலைவிலிருந்து வரவழைப்பதைவிட வெட்டிய அன்றோ மறுநாளோ நட முடிகிற தொலைவில் வாங்குவதே நல்லது.

மீதி நிலத்தில்தான் விரைவாக வளரும் பயிர்களுக்கு உண்மையான வேலை இருக்கிறது. நேப்பியர் தயாராகும் வரையுள்ள இரண்டரை மாதத்தை அவை தாங்கும். தீவனக் கம்பும் தீவனத் தட்டைப்பயறும் 45 முதல் 55 நாளில் அறுப்புக்கு வரும். ஆப்பிரிக்க நெட்டை மக்காச்சோளம் கதிர் பால் பிடிக்கும் பருவத்தில், அதாவது 60 முதல் 65 நாளில், அறுவடையாகும். அறுத்த பின் அது மறுபடி துளிர்க்காது, அதாவது மறுதாம்பு கிடையாது. மூன்று வரிசை மக்காச்சோளத்துக்கு ஒரு வரிசை தட்டைப்பயறு என்று கலந்து விதைத்தால் புரதமும் சேரும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்துவிடாமல் 15 நாள் இடைவெளியில் பாத்தி பாத்தியாக விதைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் எல்லாம் முற்றி, அடுத்த மாதம் ஆடுகள் வெறும் வைக்கோலைப் பார்த்து நிற்கும்.

தீவனச் சோளத்தைப் பற்றி மட்டும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். இளஞ்சோளத்திலும் அறுத்த தூரில் துளிர்க்கும் மறுதாம்பிலும் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சு உருவாகக்கூடும். தண்ணீரில்லாமல் வாடிய பயிரில் அது இன்னும் அதிகம். நண்பகலில் இலைகள் சுருண்டு குழலாக நிற்கும் முழங்கால் உயரச் சோளத்துக்குள் பசியோடிருக்கும் ஆடுகள் நுழைந்தால், சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கி, வாயில் நுரை தள்ளி, தள்ளாடி விழும். மருத்துவர் வந்து ஊசி போடுவதற்குள் உயிர் போய்விடுவதும் உண்டு. ஆகவே, பாதிப் பயிராவது பூக்கும் வரை சோளக் கொல்லையில் கால்நடையை விடவே கூடாது. விற்பவர் ‘45 நாளில் மேய விடலாம்’ என்று சோள விதைக்கும் சொல்கிறார் என்றால் அவரிடம் எதையும் வாங்காதீர்கள். கம்பில் இந்த நஞ்சு இல்லை. விரைவாக மேய்ச்சலுக்கு விட விரும்புகிறவர்களுக்குக் கம்பைத்தான் நான் முதலில் சொல்வேன்.

கேள்வி: மன்னார்குடியில் இருக்கும் என் மாமனாருக்காக கோ எஃப்எஸ் 29 தீவனச் சோள விதையை இணையம்வழி வாங்கி அனுப்பினேன். மூன்று வாரமாகியும் சரியாக முளைக்கவில்லை. விற்றவர் ‘மண் சரியில்லை’ என்கிறார். பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா? (வாசகி, செங்காங்)

பதில்: முதலில் பொட்டலத்தின் விவர அட்டையை மாமனாரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவின் 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்படி ரகம், குவியல் எண் (எந்தத் தொகுதி விதை என்பது), முளைப்புத்திறன், புறத்தூய்மை (கலப்பில்லாத விதையின் அளவு), பரிசோதனை நாள், காலாவதி நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். சான்று விதைக்கு நீல அட்டை. உற்பத்தியாளரே உறுதி கூறி விற்கும் விதைக்குப் பச்சை அட்டை. இரண்டுமே இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் பையில் பெயரை ஒட்டி அனுப்பியிருந்தால், மண்ணைக் குறை சொல்ல விற்றவருக்கு இடமே இல்லை.

இந்த ரகத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. புதிதாக அறுவடையான விதை சுமார் 60 நாள் உறக்கநிலையில் இருக்கும். அதற்குள் விதைத்தால் நல்ல விதையும் முளைக்காது. இதைத் தெரிந்த விற்பனையாளர் வாங்குபவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மீதம் விதை இருந்தால் 100 விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி நிழலில் வைத்து, பத்து நாளில் எத்தனை முளைத்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். அட்டையில் போட்டிருக்கும் முளைப்புத்திறனோடு அதை ஒப்பிட்டால் குறை எங்கே என்று ஓரளவு தெரியும். வயலின் படம், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

விற்றவர் இந்தியாவில் இருந்தால் வட்டார வேளாண்மை அலுவலகம் வழியாக விதை ஆய்வாளரிடம் புகார் தரலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். விதைக்குத் தனிச் சட்டம் இருப்பதால் விவசாயி நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று சிலர் மிரட்டுவார்கள். அது தவறு. தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2012ஆம் ஆண்டிலேயே விவசாயியும் நுகர்வோர்தான் என்று தீர்ப்பளித்துவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். இதனால்தான் இங்கிருந்து பணம் கட்டுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ரசீது ஊரில் பயிர் செய்பவரின் பெயரிலும் முகவரியிலும் இருக்கட்டும்.

விற்றவர் சிங்கப்பூரில் இருந்து, பேநவ் என்ற மின்பணப் பரிமாற்றம் வழியாகப் பணம் வாங்கியிருந்தால் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ அமைப்பின் உதவியை நாடலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கும் போகலாம். அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் அது மோசடி. உடனே உங்கள் வங்கியிடம் சொல்லுங்கள், காவல்துறையிலும் புகார் செய்யுங்கள்.

கேள்வி: ‘மண் வேண்டாம், 7 நாளில் தீவனம்’ என்று மக்காச்சோளத்தை முளைக்கவைக்கும் இயந்திரம் விற்கிறார்கள். ஒரு கிலோ விதையில் 6 கிலோ தீவனம் வருமாம். ஊரில் தம்பிக்கு வாங்கித் தரலாமா? (வாசகர், ஈசூன்)

பதில்: 6 கிலோ வருவது உண்மை, அதில் கூடியது தண்ணீர். ஒரு கிலோ மக்காச்சோளத்தில் ஈரம் போகச் சுமார் 880 கிராம் உலர்பொருள் இருக்கிறது. முளைத்துப் பாய்போல் பின்னி வந்த 6 கிலோ தீவனத்தில் உலர்பொருள் நூற்றுக்கு 13 பங்கு என்று வைத்தால், 780 கிராம்தான். விதை முளைப்பதற்கே தன் சத்தில் ஒரு பகுதியைச் செலவழித்துவிடுகிறது. 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 10 கிலோவை ஒட்டி உலர்பொருள் வேண்டும். அதை இந்த முளைத்தீவனத்தால் மட்டும் கொடுக்க 75 கிலோ தேவைப்படும், அதற்குத் தினமும் 12 கிலோவுக்கு மேல் விதை வாங்க வேண்டும். அந்த விதையை உடைத்துக் கொடுத்தாலே மாட்டுக்குக் கூடுதல் சத்துப் போகும். தட்டில் பூஞ்சணம் பிடிக்கும் அபாயம் வேறு. நிலமே இல்லாதவர் கோடையில் சில ஆடுகளுக்குக் கொஞ்சம் பச்சை காட்ட இது உதவலாம். தம்பிக்குக் கால் ஏக்கர் நிலமும் தண்ணீரும் இருக்கிறது என்றால் அந்தப் பணத்தைச் சொட்டுநீர்க் குழாய்க்குக் கொடுங்கள்.

கேள்வி: லிம் சூ காங் ஆட்டுப் பண்ணையில் ஆடுகள் காய்ந்த குதிரை மசால் (லூசர்ன்) என்ற தீவனப் பயிரை விரும்பித் தின்பதைப் பார்த்தேன். அதன் விதையையும், ஆஸ்திரேலியாவில் விரைவாக வளரும் ரைப் புல் விதையையும் பெட்டியில் வைத்து ஊருக்கு எடுத்துப் போகலாமா? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: கூடாது. விதைப்பதற்கான விதையை இந்தியாவுக்குள் கொண்டுசெல்ல, 2003ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ரைப் புல் குளிர் நாட்டுப் பயிர் என்பதால் தமிழ்நாட்டுச் சமவெளி வெயிலில் அது நிலைக்காது. குதிரை மசால் ஊரிலேயே கிடைக்கும் பயிர்தான். ஆனால் பனி ஈரத்தோடு இருக்கும்போது வெறும் வயிற்றில் மேய்ந்தால் வயிறு உப்பிப் படுத்துவிடும். வெள்ளாட்டுக்கு நான் சொல்வது வேலி மசால் என்ற வேறொரு தீவனப் பயிர். முதல் அறுப்புக்கு 90 நாள் ஆனாலும் பிறகு 40 நாளுக்கு ஒரு முறை வெட்டலாம், புரதமும் நிறைந்தது. அதன் விதைத்தோல் கடினமானது என்பதால், 80 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் போட்டு எடுத்து, இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்கச் சொல்லுங்கள்.