கூப்பிட்டது யார்? - வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டேன். நான்கும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. தேவன் அழைக்கிறார் என்கிறோமே, அதற்கு இன்றைக்கு, நான் இருக்கிற இடத்தில், என்ன பதில் சொல்வது?

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் போதகர் அல்ல. 31 வருடம் நர்ஸாக இருந்தேன், அதில் பெரும்பகுதி நைட் டியூட்டி. எனக்குத் தெரிந்ததை அங்கிருந்துதான் சொல்ல முடியும்.

அக்கா, எனக்கு 36 வயது. 19 வயதில் ஒரு கூட்டத்தில் முழுநேர ஊழியத்துக்கு என்னை ஒப்புக்கொடுத்து முன்னால் போய் நின்றேன். படிப்பு முடிந்ததும் போகலாம் என்றிருந்தபோது அப்பா இறந்துவிட்டார். நான்கு வருடம் முன்பு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நான் ஒரே பிள்ளை. பகலில் கணக்கு எழுதும் வேலை. இரவில் அலாரம் வைத்து எழுந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன். அன்று என்னோடு முன்னால் வந்து நின்ற நண்பன் இன்று மிஷனரி. அவன் அனுப்பும் ஜெபக் கடிதங்களைப் பிரிக்கவே மனம் வருவதில்லை. நான் யோனாவைப் போல ஓடிவிட்டேனா?

தம்பி, யோனாவை முதலில் ஒதுக்கி வைப்போம். கர்த்தர் அனுப்பிய இடத்துக்குப் போகாமல் யோனா யோப்பாவுக்குப் போய், தர்ஷீசுக்குப் போகிற கப்பலைத் தேடிப் பிடித்து, கூலி கொடுத்து ஏறினான். கையிலிருந்து பணம் கட்டி ஓடினவன் அவன். நீங்கள் எந்தக் கப்பலில் ஏறினீர்கள்?

உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவன் சாமுவேல், ஆலயத்தில் ஆசாரியன் ஏலியிடம் வளர்ந்த பையன். 1 சாமுவேல் 3-ம் அதிகாரத்தைச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். பையன் படுத்திருக்கிறான், கர்த்தர் கூப்பிடுகிறார், அவன் ஏலி கூப்பிட்டதாக நினைத்து ஓடுகிறான். மூன்று தடவை அப்படி நடக்கிறது. பாவம், தேவனுடைய சத்தம் எது, மனுஷனுடைய சத்தம் எது என்று தெரியாத பிள்ளை என்று சொல்லிவிட்டுக் கடந்து போய்விடுவோம். அதே அதிகாரத்தின் 2-ம் வசனத்தைப் பாருங்கள். ஏலிக்குக் கண் மங்கிப்போய், பார்க்கக்கூடாமல் இருந்தது. கண் தெரியாத முதியவர் ஒருவர் பக்கத்தில் படுத்திருந்தால் இரவில் எத்தனை தடவை கூப்பிடுவார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்தப் பையனுக்கும் தெரிந்திருக்கும். இருட்டில் தன் பெயர் காதில் விழுந்தால் எழுந்து ஓடுவது அவன் கால்களுக்குப் பழகியிருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். "நான் கூப்பிடவில்லை, திரும்பிப்போய்ப் படுத்துக்கொள்" என்று அனுப்பிய பிறகும் சலிக்காமல் மறுபடி எழுந்து வந்தான். கர்த்தருடைய சத்தத்துக்கு எழுந்த அதே கால்கள்தான் ஏலியின் சத்தத்துக்கும் எழுந்தவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரத்துக்கு எழுந்து அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற உங்கள் கால்களைத்தான் அங்கே பார்க்கிறேன்.

சரி, தகப்பனை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்றவனிடம் "மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்" என்று ஆண்டவர் சொன்னாரே என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அந்த வசனத்தை நான் மழுப்ப மாட்டேன். வீட்டைக் காரணம் காட்டிக் கீழ்ப்படியாமல் இருப்பவர்கள் உண்டு, அவர்களை அது குத்த வேண்டும். ஆனால் அதே ஆண்டவர் மாற்கு 7-ல் வேறு ஒரு கூட்டத்தைக் கண்டிக்கிறார். தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டு அவர்களைக் கைவிட்டவர்கள் அவர்கள். வீட்டைச் சொல்லித் தேவனிடமிருந்து தப்பலாம், தேவனைச் சொல்லி வீட்டிலிருந்தும் தப்பலாம். இரண்டையும் அவர் பார்த்திருக்கிறார்.

இன்னொன்றையும் நான் அடிக்கடி நினைப்பேன். செபெதேயுவின் மகன் யோவான், அப்பாவைக் கூலியாட்களோடு படவிலே விட்டுவிட்டு இயேசுவின் பின்னால் போனவன். சிலுவையண்டையில் நின்ற "அன்பான சீஷன்" அவன்தான் என்பது சபையின் மரபு. அங்கே இயேசு தம் தாய் மரியாளைக் குறித்து அவனுக்குக் கொடுத்த கட்டளை என்ன? "அதோ, உன் தாய்." அந்நேரமுதல் அந்தச் சீஷன் அவளைத் தன்னிடமாய் ஏற்றுக்கொண்டான். அப்பாவை விட்டுவரச் சொன்ன அதே குரல், ஒரு தாயை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறது. யோவான் இரண்டு தடவையும் கீழ்ப்படிந்தான். படகை விட்டு இறங்கியது மட்டும் அழைப்பு, மரியாளைக் கூட்டிக்கொண்டு போனது குடும்ப விஷயம் என்று யாராவது சொல்வார்களா?

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. ஒருநாள் அதிகாலை மூன்று மணி, வார்டு அடங்கிவிட்டது. டியூட்டி அறையில் வேதத்தைத் திறந்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் கட்டிலின் மணி அடித்தது. அந்தப் பாட்டி அன்றிரவு அதற்குள் பல தடவை கூப்பிட்டாயிற்று, எல்லாம் சின்னச் சின்னக் காரியத்துக்கு. இந்த அதிகாரத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். போய்ப் பார்த்தால், அவராக எழுந்திருக்க முயன்று தண்ணீரைத் தட்டிவிட்டு, நனைந்த விரிப்பின் மேல் நடுங்கிக்கொண்டு கிடந்தார். டியூட்டி அறைக்குக் கண்ணாடித் தடுப்புதான். "நீங்க வேதம் வாசிச்சிட்டிருந்தது தெரிஞ்சுதும்மா, அதான் மறுபடி அடிக்கல" என்றார்.

நான் அன்று வாசித்தது எந்த அதிகாரம் என்று இப்போது நினைவில்லை. அந்த விரிப்பின் ஈரம் இன்னும் என் கையில் இருக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நண்பனின் கடிதங்களைப் பிரித்து வாசியுங்கள். இரவில் அம்மாவுக்காக விழித்திருக்கும் நேரத்தில் அந்தப் பெயர்களுக்காக ஜெபியுங்கள். 19 வயதில் சொன்ன வார்த்தையையும் இன்றைய நிலைமையையும் உங்கள் போதகரிடம் உட்கார்ந்து பேசுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள். வாரத்தில் இரண்டு மணி நேரமாவது அம்மாவோடு இருக்கச் சபையில் யாராவது வர முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள், அப்படி வருவதும் யாரோ ஒருவருக்கான அழைப்புதான். நாளைக்கு உங்களுக்கு வேறு அழைப்பு வரலாம். எலிசா ஏர் உழுதுகொண்டிருந்தபோதுதான் தீர்க்கதரிசி எலியா வந்து, அழைப்பின் அடையாளமாக அவன்மேல் சால்வையைப் போட்டான். அதுவரைக்கும் அம்மாவை "தடை" என்று மனதுக்குள்கூடச் சொல்ல வேண்டாம், தம்பி. அவர்களுக்கு அது தெரிந்துவிடும். படுக்கையில் இருப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

அக்கா, எனக்கு இரண்டு வேலைகள் வந்திருக்கின்றன. எது தேவசித்தம் என்று அறிய, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்த்தேன். ஒருநாள் "போ" என்பதுபோல் வருகிறது, மறுநாள் "நில்" என்பதுபோல் வருகிறது. கிதியோனும் அடையாளம் கேட்டானே?

கேட்டான். ஆனால் எப்போது கேட்டான் என்று பாருங்கள். "உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ" என்று கர்த்தர் நியாயாதிபதிகள் 6:14-ல் தெளிவாகச் சொல்லியாயிற்று. ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதில் மட்டும் இறங்கட்டும் என்று அவன் அடையாளம் கேட்ட கதை அதே அதிகாரத்தின் கடைசியில்தான் வருகிறது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிறகும் பயந்துபோனவனுக்குக் கர்த்தர் இரண்டு தடவை இரங்கினார். அந்த இரக்கத்தை ஒரு வழிமுறையாக ஆக்கிக்கொள்ளாதீர்கள். இரண்டும் நேர்மையான வேலைகள்தானே? அப்படியானால் உங்கள் வீட்டாரோடு பேசி, ஜெபித்து, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விரல் வைக்காமல், முதல் வசனத்திலிருந்து ஒரு புஸ்தகத்தை முழுதாக வாசியுங்கள்.

"ஊழியம் அழைப்பு, வேலை பிழைப்பு" என்று எங்கள் சபையில் ஒரு மூத்த சகோதரர் சொல்வார். நான் ஒரு நிறுவனத்தில் பில் போடுகிறேன். மேலதிகாரி சில பில்களில் தேதியை மாற்றி எழுதச் சொல்கிறார். வெறும் பிழைப்புதானே, பேசாமல் செய்துவிடலாமா என்று தோன்றுகிறது. (பெயர் வேண்டாம் என்று கேட்ட சகோதரி)

அந்த வாக்கியம் செய்கிற கெடுதலுக்கு உங்கள் கடிதமே சாட்சி, சகோதரி. வேலையைப் பிழைப்பு என்று தள்ளிவைத்தால், அங்கே ஆண்டவருக்கு நாற்காலி இல்லை என்றாகிவிடும். அப்புறம் எந்தத் தேதியையும் மாற்றலாம்.

துறவிகளுக்கும் குருக்களுக்கும் மட்டும்தான் அழைப்பு என்ற எண்ணம் ஒருகாலத்தில் வேரூன்றியிருந்தது. மார்ட்டின் லூத்தர் 16-ம் நூற்றாண்டில் அதை எதிர்த்து எழுதினார். ஜெர்மன் மொழியில் தொழிலுக்கு இன்றும் வழங்குகிற "பெரூஃப்" என்ற சொல்லுக்குள் "அழை" என்ற வினை இருக்கிறது. அந்தச் சொல் அன்றாடத் தொழிலுக்கு நிலைத்ததில் லூத்தருக்குப் பெரிய பங்கு உண்டு. கத்தோலிக்கச் சபையும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964-ல், பரிசுத்தத்துக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று ஏட்டிலேயே எழுதி வைத்தது. இவர்களுக்கெல்லாம் முன்பே பவுல், "எதைச் செய்தாலும் அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று கொலோசெயருக்கு எழுதினார். அதை யாரிடம் சொன்னார்? அடிமைகளிடம். வேலையை விடவும் முடியாத, மாற்றவும் முடியாத ஆட்களிடம்.

நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன், இல்லாததை. ஒரு இரவு வார்டில் ஆள் குறைவு, எனக்கு உடம்பெல்லாம் அசதி. நான்கு மணி டெம்பரேச்சரை நாலைந்து கட்டிலுக்குப் போய்ப் பார்க்காமலே சார்ட்டில் 98.4 என்று போட்டேன். நாடித்துடிப்புக்கு 72, 76, 80 என்று மாற்றி மாற்றிப் போட்டேன். காலையில் டாக்டர் வந்தபோது அதில் ஒருவருக்கு நல்ல காய்ச்சல். சார்ட் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு மருந்து தொடங்க அரைநாள் தாமதமானது. அவர் குணமாகி வீட்டுக்குப் போனார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு நாள் கழித்து ஹெட் நர்ஸிடம் போய்ச் சொன்னேன். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். அந்தத் தாளில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடத்தில்தான், இந்த வார்டும் ஆண்டவருடைய இடம் என்று எனக்குப் புரிந்தது. அதற்கு முன் நூறு பிரசங்கத்தில் கேட்டிருப்பேன்.

மேலதிகாரியோடு சண்டை வேண்டாம். தானியேலைப் பாருங்கள். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று முதலில் தன் இருதயத்தில் தீர்மானித்துவிட்டான். அப்புறம் அதிகாரியிடம் பணிவாக வேண்டிக்கொண்டான், பத்துநாள் சோதித்துப் பாரும் என்று வேறு வழியையும் காட்டினான். நீங்களும் தனியாகப் போய், "இந்தத் தேதியை என்னால் மாற்றி எழுத முடியாது. சரியான தேதியோடு இதை எப்படி முடிக்கலாம் என்று பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். வேலை போகாது என்று நான் உறுதி தர முடியாது. அதனால் இப்போதிருந்தே வேறு வேலையும் தேடுங்கள், உங்கள் மனதுக்கு நெருக்கமான ஒருவரிடம் இதைச் சொல்லி ஜெபிக்கக் கேளுங்கள். முதல் தடவை சொல்வதுதான் கஷ்டம். தொண்டை அடைக்கும். அடைக்கட்டும், சொல்லிவிடுங்கள்.

நான் 9-ம் வகுப்பு படிக்கிறேன். பெரியவர்கள் சாட்சி சொல்லும்போது "கர்த்தர் என்னோடு பேசினார்" என்கிறார்கள். எனக்கு எந்தச் சத்தமும் கேட்டதில்லை. என்னோடு பேச மாட்டாரா?

கண்ணு, 31 வருட வேலையில், நைட் டியூட்டியின் அத்தனை அமைதியில், எனக்கும் காதில் ஒரு சத்தமும் கேட்டதில்லை. கேட்டதாகச் சொல்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு எப்படி என்றால், ஒருவருடைய பெயர் மனதில் வந்து உட்காரும். தள்ளினாலும் போகாது. சிலநேரம் காலையில் வாசித்த வசனம் மத்தியானம் யாரிடமோ பேசும்போது வந்து நிற்கும். அது தேவனிடமிருந்துதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தால், வயதில் மூத்த விசுவாசி ஒருவரிடம் போய்க் கேட்பேன். சாமுவேலுக்கும் ஏலிதானே சொல்லிக் கொடுத்தார், "கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று சொல்லும்படி?

அந்தக் கதையில் அடுத்து வருவதை யாரும் அதிகமாகச் சொல்வதில்லை. அன்றிரவு கர்த்தர் சொன்னது ஏலியின் குடும்பத்துக்கு வரப்போகும் நியாயத்தீர்ப்பு. அதை ஏலியிடம் சொல்லப் பையனுக்குப் பயம். விடியும்வரை படுத்திருந்தான். விடிந்ததும் என்ன செய்தான் தெரியுமா? எழுந்து கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். அது அவன் அன்றாட வேலையாக இருந்திருக்க வேண்டும். கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இரவுக்கு அடுத்த காலையிலும் கதவைத் திறக்கத்தான் போனான்.

நீ காலையில் எழுந்ததும் உன் வீட்டில் செய்கிற வேலை என்ன? அடுத்த கடிதத்தில் அதை எழுது, நான் காத்திருப்பேன்.