நாரி எலும்புகளை இணைக்கும் சத்திரசிகிச்சை: வாசகர் கேள்விகளுக்கு வைத்தியர் பதில்கள்

கேள்வி: நாங்கள் முரசுமோட்டையில் வயல் செய்கிறோம். என் கணவருக்கு 54 வயது. நாரியில் நான்காவது எலும்பு ஐந்தாவதன் மேல் முன்பக்கமாக வழுக்கியிருக்கிறதாம். வலது காலில் குதிவரை வலி இழுக்கிறது. ஒழுங்கை முடிவதற்குள் இரண்டு தடவை குந்திவிடுகிறார். ஒரு வருடமாக மாத்திரை எடுத்தும் பயிற்சி செய்தும் குறையவில்லை. சிறு வெட்டுகள் மூலம் எலும்புகளை இணைக்கலாம் என்கிறார் வைத்தியர். முதுகில் கத்தி வைத்தால் படுக்கைதான் என்கிறார்கள் அயலவர்கள். செய்யலாமா? காலபோகத்துக்கு முன் எழும்பிவிடுவாரா?

பதில்: சகோதரி, அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்களை வன்னியில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களில் பெரும்பாலோருக்குச் சேதமானது முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் மூளையிலிருந்து இறங்கும் தடித்த நரம்புத்தண்டு. பெரியவர்களில் அது முதலாம், இரண்டாம் நாரி எலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. உங்கள் கணவருக்குச் சிகிச்சை நடக்கும் இடத்தில் தனித்தனி நரம்பு வேர்களே இறங்குகின்றன. ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதம் தளரலாம், கிருமி தொற்றலாம், நரம்புறை கிழிந்து நீர் கசியலாம், எலும்புகள் பொருந்தாமலும் போகலாம். இவற்றை நிபுணரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

பழைய முறையில் நடு முதுகை நீளமாகத் திறந்து, தசையை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்குவார்கள். உங்கள் வைத்தியர் சொல்லும் சிறு வெட்டு முறையில் இரு பக்கமும் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் வெட்டுகள் இட்டு, தசை நார்களைக் குழாயால் விலக்கி, எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி ஆணிகளைப் பொருத்தி, இரு எலும்புகளுக்கும் இடையே பழுதடைந்த வட்டை (டிஸ்க்) எடுத்து, அந்த இடத்தில் எலும்புத்தூள் நிரப்பிய சிறு கூட்டை வைப்பார்கள். இரத்த இழப்புக் குறைவு. பலர் மறுநாளே நடக்கிறார்கள். ஆயினும் ஒன்றிரண்டு வருடங்களின் பின் இரு முறைகளின் பலனும் ஏறக்குறைய ஒன்றே.

வெளிக்காயம் சிறியது என்பதால் உள்வேலையும் முடிந்துவிட்டதாகப் பலர் நினைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆணிகள் பிடித்துக்கொண்டிருக்க, எலும்பு வளர்ந்து ஒன்றாவதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை எடுக்கும். முதல் மூன்று மாதங்கள் குனிவதும் திரும்புவதும் பாரம் தூக்குவதும் கூடாது. 50 கிலோ உரப்பை இருக்கட்டும், கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் இழுப்பதும் வேண்டாம். ஆகவே இந்தக் காலபோகத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். குந்தும் மலசலகூடம் என்றால் கொமேட் கதிரை ஒன்றை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள்.

நிக்கொட்டின் எலும்பு பொருந்துவதைக் கெடுக்கும். சிகரெட் பிடிப்பதில்லை என்பவர்கள், வெற்றிலையோடு போடும் புகையிலையைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்; அதையும் நிறுத்த வேண்டும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அஸ்பிரின் போன்ற மாத்திரைகள் எடுத்தால் அதையும் சொல்லுங்கள்.

எலும்பு வழுக்கி, நரம்பு நெரிந்து, கால்வலி தீராதவர்களுக்கே இச்சிகிச்சை அதிகம் உதவுகிறது. வெறும் நாரி நோவுக்கு அவ்வளவு உதவாது. உங்கள் கணவர் முதல் வகையைச் சேர்ந்தவர் என்பதால் செய்வது நியாயமே என்பது என் கருத்து. இடையில் சிறுநீர் போகாமல் நின்றாலோ, மலவாசலைச் சுற்றி விறைத்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: 2009 முதல் என் தொடையில் சன்னம் இருக்கிறது. நாரி நோவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா? (புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: அந்த இயந்திரம் வலிமையான காந்தம். இரும்புத் துண்டானால் அசையவோ சூடாகவோ கூடும். கண்ணிலோ முண்ணாணுக்கு அருகிலோ இருந்தால் பேராபத்து. முன்கூட்டியே சொல்லுங்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கதிரியல் நிபுணர் அனுமதிப்பார் அல்லது சி.ரி. ஸ்கானுக்கு மாற்றுவார். பழைய நோயறிதல் அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.