கசிந்த நிலத்தடி எரிபொருள் தொட்டிப் பதிவு என்றால் என்ன?

அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டிகளில் (நம்ம ஊர் மாவட்டம் போன்றவை) வீடு பார்ப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. பெட்ரோல் பங்கில் மண்ணுக்கடியில் புதைத்த தொட்டி ஒழுகியது தெரிந்தால், மாநிலச் சுற்றுச்சூழல் துறை ஒரு கோப்பு திறக்கும். எந்த இடம், என்ன எரிபொருள், சுத்தம் செய்தாயிற்றா என்ற விவரங்கள் அதில் இருக்கும்.

சரி, ஏன் ஒழுகுகிறது? பழைய தொட்டிகள் பல பாதுகாப்புப் பூச்சில்லாத வெறும் இரும்பு. ஈர மண்ணில் துருப்பிடித்து ஊசித்துளை விழும். வீட்டுச் சம்பில் விரிசல் விட்டதுபோலத்தான். மோட்டார் அடிக்கடி ஓடும்போதுதான் சந்தேகமே வரும். 1988-இல் மத்திய விதிகள் வந்தன, பழைய தொட்டிகளைச் சரிசெய்ய 1998 டிசம்பர் வரை கெடு இருந்தது. அதற்கு முன்பே மூடிய பங்குகளில் சில இடங்களில் புல்லுக்கு நடுவே பழைய தொட்டியின் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

பெட்ரோலில் உள்ள பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும். நிலத்தடி நீரோடு நகர்ந்து பக்கத்துக் கிணற்றை எட்டலாம். கிராமத்தில் பலர் குடிப்பது சொந்தக் கிணற்று நீர். அதைப் பரிசோதிப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர் பொறுப்பு. என் பெரிய கவலை இதுதான்.

பதிவு இல்லையென்றால் கசிவே இல்லை என்று நினைக்காதீர்கள்: 1,100 கேலன் வரையிலான பண்ணை எரிபொருள் தொட்டிகளுக்கு அந்த மத்திய விதிகள் பொருந்தாது.