பொன்னாடையும் ஜெனரேற்றரும்

ஐயா,
முல்லைத்தீவில் முள்ளியவளைப் பக்கம் எங்களுடையது சின்னக் கூத்துக் குழு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கோவலன் கூத்து போடவே முடியவில்லை. செலவுக் கணக்கு இணைத்திருக்கிறேன். டிக்கெட் போடலாமா, வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரரைக் கேட்கலாமா?

அன்புள்ள தம்பி,
உங்கள் கடிதம் வந்த காலையில் பழைய மத்தளம் ஒன்றை வெயிலில் வைத்துவிட்டு இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிக்கெட் வேண்டாம். கோயில் வீதியில் எங்கே கேற் போடுவீர்கள்? வெளிநாட்டுக் காசு வந்தால் வாங்குங்கள். சரி, கணக்கு. ஒலி, ஒளி, ஜெனரேற்றர், பந்தல், வீடியோ, உடுப்பு வாடகை, சாப்பாடு, பொன்னாடை ஒன்று. மூன்று தரம் பார்த்தேன். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் எங்கே? அந்தப் பொன்னாடைதான் அவரா?

மாதக்கணக்கில் இரவிரவாக ஆட்டம் பழக்கித் தொண்டை கட்டிப்போகிற மனிசனுக்கு ஒரு பொலியெஸ்டர் துணி! அதில் என்ன, கஞ்சி வடிப்பாரா?

என் பெரியப்பா அண்ணாவியார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். வீட்டுக்கு ஒரு சிரட்டை மண்ணெண்ணெய் சேர்த்து ஒரே ஒரு பெற்றோமக்ஸ் விளக்குக் கொளுத்தினோம். பாண்டியனின் முடிக்குச் சிகரெட் பெட்டி ஈயத்தாள். ஒருநாள் விட்டில் மோதி, விளக்கில் எரிகிற வலை, மென்டில், உதிர்ந்துவிட்டது. வேறு மென்டில் ஊரிலேயே இல்லை. பெரியப்பா மத்தளத்தை நிறுத்தவில்லை. கண்ணகி இருட்டுக்குள் நின்றுதான் வழக்குரைத்தாள். சதங்கைச் சத்தத்தை வைத்து, வருவது அவளா காவற்காரனா என்று பிடித்தோம்.

அறுவடை முடிய வீட்டுக்கு ஐந்து கொத்து நெல் அவருக்கு அளந்தார்கள். சாக்கைத் தைத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். வீட்டில் ஆறு வயிறு.

2022 ஓகஸ்டில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஒரே அடியாக 340 ஆனது எனக்கும் தெரியும். கஷ்டம் இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் ஜெனரேற்றர்காரனிடம் கடன் சொல்ல முடியாது, அண்ணாவியாரிடம் சொல்லலாம் என்று நினைக்கிறீர்களே, அதுதான் எரிச்சல்.

நாங்களும் விட்ட பிழைதான். போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு கூத்துப் போட ஒரு நிறுவனம் காசு தந்தது. பனருக்கும் மேடைக்கும் சரியாகப் போனது. அந்தக் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தைத் தோளில் கொழுவிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார். கையில் காசு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வருடம் கூப்பிடப் போனால், மேசனுக்குக் கையாளாகப் போய்விட்டார் என்றார்கள்.

வீடியோவை வெட்டுங்கள். முதல் வரியில் அவர் பெயரையும் தொகையையும் எழுதி அனுப்புங்கள், நானும் கொஞ்சம் போடுகிறேன். வெள்ளுடுப்பு ஒத்திகை அன்றைக்கே வந்துவிடுவேன். ஒரு பாய் போட்டு வையுங்கள். கதிரையில் இருந்து கூத்துப் பார்க்க எனக்கு வராது.