விந்துக்குழாயைத் திரும்ப இணைக்க யாரிடம் போவது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து கடற்றொழில் செய்கிற ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 43. இரண்டு பிள்ளைகள் போதும் என்று 11 வருடத்துக்கு முன், விந்துக்குழாயை வெட்டி அடைக்கிற குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷன் செய்துகொண்டவர். முதல் மனைவி தவறிப்போய், இப்போது மறுமணம். புது மனைவிக்கு 34 வயது, இருவருக்கும் ஒரு பிள்ளை வேண்டும். குழாயைத் திரும்ப இணைக்கக் கொழும்பில் ஒரு டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நேரம் எடுத்து, பார்த்தாராம், "நூற்றுக்கு நூறு சரிவரும், ஒரு மணித்தியாலத்தில் முடித்து அனுப்பிவிடலாம்" என்றாராம் அவர். நம்பிப் போகலாமா, இல்லாவிட்டால் நல்ல சேர்ஜனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார்.

தம்பி, அந்த இடத்துக்குத் திரும்பிப் போகவேண்டாம். இந்த ஒப்பரேஷனில் நூற்றுக்கு நூறு என்று ஒன்று கிடையாது, கையில் பழக்கம் உள்ளவர்கள் அப்படிப் பேசவும் மாட்டார்கள். "சரிவரும்" என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது: விந்தில் விந்தணு திரும்ப வந்தால் சேர்ஜனுக்கு அது வெற்றி, உங்களுக்கோ பிள்ளை பிறந்தால்தான் வெற்றி. 1991 இல் அமெரிக்காவில் 5 மையங்களைச் சேர்த்து, 1469 ஆண்களை வைத்து வெளியான ஓர் ஆய்வை இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். முதல் ஒப்பரேஷன் நடந்து 3 வருடத்துக்குள் இணைத்தவர்களில் 97 வீதமானோருக்கு விந்தணு வந்தது, 76 வீதமான தம்பதிகளுக்குக் கரு தங்கியது. உங்களைப் போல 9 முதல் 14 வருடம் ஆனவர்களில் அது 79, 44. இரண்டு எண்ணுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். யாராவது வீதம் சொன்னால், எதன் வீதம் என்று கேளுங்கள். அதோடு, புத்தகத்தில் உள்ள எண்ணையா சொல்கிறார், தான் செய்தவர்களின் எண்ணையா என்றும் கேளுங்கள்.

சேர்ஜனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க முடியும் என்றால் நான் கேட்கச் சொல்வது இதுதான்: "குழாயை வெட்டிப் பார்க்கும்போது வரும் நீரில் விந்தணு இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?"

காரணம் சொல்கிறேன். குழாயை அடைத்த பிறகும் விதை விந்தணுவை உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கும். வருடக்கணக்கில் அழுத்தம் ஏறி, விதையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற மெல்லிய சுருள் குழாய் எங்காவது வெடித்து அங்கே இரண்டாவது அடைப்பு வந்துவிடலாம். அது வெளியில் தெரியாது, ஸ்கேனிலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தியேட்டரில் குழாயைத் திறந்து, விதைப் பக்கமிருந்து வரும் சொட்டை அங்கேயே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். தெளிந்த நீராகவோ, விந்தணுவோடோ வந்தால் நல்லது, வெட்டிய இரண்டு முனைகளையும் நேரே சேர்த்துத் தைக்கலாம். களிம்பு போலத் தடித்து, விந்தணுவே இல்லாமல் வந்தால் நேரே தைத்துப் பலன் இல்லை, அடைப்பு இன்னும் கீழே இருக்கிறது. அப்போது விந்துக்குழாயை அந்தச் சுருள் குழாயிலேயே கொண்டுபோய் இணைக்க வேண்டும். அது பல மடங்கு கடினமான வேலை, எல்லோருக்கும் வராது. அடைத்து வருடம் கூடக்கூட இதற்கான தேவையும் கூடும், 11 வருடம் என்பது கவனிக்க வேண்டிய காலம்தான். "அதே மேசையில் அதையும் செய்வேன்" என்கிறவர் உங்களுக்கான ஆள். "முதலில் இணைத்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் பிறகு பார்ப்போம்" என்கிறவர் உங்கள் ஒரு வாய்ப்பைச் செலவழிக்கப் போகிறார். தழும்புக்குள் இரண்டாம் முறை வெட்டுவது முதல் முறையை விடச் சிரமம்.

அப்புறம் மைக்ரோஸ்கோப். கண்ணில் மாட்டுகிற உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சொல்லவில்லை, தியேட்டரில் நிற்கிற பெரிய மைக்ரோஸ்கோப்பைச் சொல்கிறேன். விந்துக்குழாயின் உள்துளை அரை மில்லிமீற்றர் அளவுதான். அதைத் தைக்கிற நைலோன் நூல் தலைமுடியை விட மெல்லியது, நீங்கள் தூண்டிலில் கட்டுகிற தங்கூசி அதற்குப் பக்கத்தில் வடக்கயிறு மாதிரி இருக்கும். இதை இரண்டு பக்கமும் செய்ய 2 முதல் 4 மணித்தியாலம் வரை போகும். ஒரு மணித்தியாலக் கதை ஏன் எனக்குப் பிடிக்கவில்லை என்று இப்போது விளங்கும்.

யாரிடம் போவது? சிறுநீரக டொக்டர் வேறு, சிறுநீர்ப்பாதை சத்திரசிகிச்சை நிபுணர் வேறு. ஊரில் ஜீ.யூ. சேர்ஜன் என்பார்களே, அவர்தான் உங்களுக்கு வேண்டும். பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆனால் பட்டம் மட்டும் போதாது. நம் நாட்டில் இந்தக் கருத்தடையை ஆண்கள் செய்துகொள்வதே அபூர்வம், பெரும்பாலும் பெண்களின் தலையில்தான் கட்டிவிடுகிறோம். அதனால் திரும்ப இணைக்கிற ஒப்பரேஷனும் குறைவு, அடிக்கடி செய்து கை பழகியவர்களும் குறைவு. போன வருடம் எத்தனை செய்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை கிளினிக்கில் காட்டி, அங்கிருந்து கடிதத்தோடு கொழும்புக்கோ கண்டிக்கோ போவது என் கணக்கில் நேரடியாகச் சனல் பண்ணுவதை விட நல்லது, யார் இதைச் செய்கிறார்கள் என்று டொக்டர்மாருக்குள் தெரியும். சென்னைக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கும் இதே கேள்விகள்தான்.

எந்தச் சேர்ஜனும் கத்தியை எடுக்க முன் உங்கள் மனைவியைப் பற்றி விசாரிக்க வேண்டும். 34 என்பது நல்ல வயதுதான், ஆனால் ஒப்பரேஷன் முடிந்து விந்தணு வரவே சில மாதம், கடினமான முறை என்றால் ஒரு வருடம்கூட ஆகும். அவருடைய சூலகமும் கருக்குழாயும் சரியா என்று பெண்நோயியல் நிபுணர் பார்க்காமல் உங்களை மட்டும் வெட்டுவதில் அர்த்தம் இல்லை. மனைவியிடம் பிரச்சினை இருந்தால் உங்கள் விதையிலிருந்து ஊசியால் விந்தணு எடுத்து, ஆய்வுகூடத்தில் முட்டைக்குள் செலுத்தும் வழி இருக்கிறது. செலவு கூட, ஒரே தடவையில் தங்கும் என்றும் இல்லை. ஒன்று கவனியுங்கள்: குழந்தைப்பேற்று நிலையத்துக்குப் போனால் இந்த வழியையும், சேர்ஜனிடம் போனால் கத்தியையும் சொல்வார்கள், அவரவர் கையில் இருப்பதுதான் வாயில் வரும். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஒப்பரேஷன் அன்றே கொஞ்சம் விந்தணுவை எடுத்து உறையவைக்க வசதி உண்டா என்றும் கேட்டு வையுங்கள்.

செலவுக் கணக்கில் தங்குமிடத்தையும் சேருங்கள். கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர், மறுநாளே பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வரவேண்டாம், சில நாள் நின்று வாருங்கள். ஒரு மாதத்துக்கு வலை இழுப்பது, தோணி தள்ளுவது எல்லாம் மறந்துவிடுங்கள், உறவும் 3, 4 கிழமை கழித்துத்தான். அந்த ஒரு மாத வருமானத்துக்கு என்ன வழி என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வோர்டிலிருந்து வெளியேறும்போது, எந்தப் பக்கத்தில் என்ன நீர் வந்தது, அதில் விந்தணு இருந்ததா, எந்த முறையில் தைத்தார்கள் என்று எழுதிய தாளை வாங்காமல் வராதீர்கள். ஆறு மாதம் கழித்து ரிப்போர்ட்டில் விந்தணு இல்லை என்று வந்தால், இன்னும் காத்திருப்பதா, வேறு வழி பார்ப்பதா என்று அந்தத் தாளை வைத்துத்தான் சொல்ல முடியும்.