ஏரிக்குப் பின்னால் ஒரு மனை: டோக்கன் கொடுக்கும் முன்

கேள்வி: நான் சிறுசேரியில் வேலை பார்க்கிறேன். மனைவி கிண்டியில் பள்ளி ஆசிரியை. மேடவாக்கத்துக்குத் தெற்கே, சித்தாலப்பாக்கம் பக்கம் 1,200 சதுர அடி மனை ஒன்று பார்த்திருக்கிறோம். "சிஎம்டிஏ அப்ரூவ்டு, பத்து நிமிஷத்தில் மெட்ரோ, பின்னாலேயே 80 அடி ரோடு வரப்போகுது, ஏரிக் காத்து வேற" என்கிறார் தரகர். இந்த வாரத்துக்குள் டோக்கன் அட்வான்ஸ் கேட்கிறார். நம்பி இறங்கலாமா? அந்தப் பகுதிக் குடியிருப்போர் சங்கம் புதிய முழுமைத் திட்டத்துக்கு (மாஸ்டர் பிளான்) மனு கொடுக்கப் போகிறதாம். அதனால் பலன் உண்டா?

பதில்: தரகர் ஒரே மூச்சில் நாலு விஷயம் சொல்லியிருக்கிறார். நாலும் நாலு அலுவலகத்தின் காரியம். மனைப்பிரிவு சிஎம்டிஏவுடையது (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மெட்ரோ அதற்கான நிறுவனத்துடையது, சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, ஏரி நீர்வளத் துறையுடையது. இவர்கள் கூடிப் பேசித்தான் அந்த மனையைப் பிரித்திருப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அப்ரூவல் முத்திரை மனைப்பிரிவு விதிப்படி இருக்கிறதா என்ற ஒரு கேள்விக்குத்தான் பதில். தண்ணீர் நிற்குமா, பஸ் வருமா என்பது வேறு கேள்வி, அதை நீங்களேதான் விசாரிக்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். மற்ற எதில் தவறினாலும் பிறகு சரிக்கட்டலாம், இதில் முடியாது.

தென்சென்னைப் புறநகரில் ஏரிகள் தனித்தனியாக இல்லை, சங்கிலியாக இருக்கின்றன. சேலையூர் நிறைந்தால் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு, அங்கிருந்து செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வரும். உங்கள் பக்கத்து ஏரிகளின் உபரி நீருக்கும் போக்கிடம் அந்தச் சதுப்புதான். சுமார் 250 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பின் மழைநீர் அங்கே வந்து சேர்கிறது. அங்கிருந்து வெளியேறும் முக்கிய வழி ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி. அது பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. சட்டி பெரியது, வாய் குறுகியது. கடல் மட்டமும் ஏறியிருக்கும் நாளில் அந்த வாயும் பாதி அடைபட்டதுபோல்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேளச்சேரித் தெருக்களில் தண்ணீர் நாள் கணக்கில் நின்றதற்கு இது பெரிய காரணம்.

இதில் வாங்குபவர்கள் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. "மனை ஏரிக்குள் இல்லையே, கரைக்கு இந்தப் பக்கம்தானே" என்று நிம்மதியாகிவிடுவார்கள். ஏரியின் உள்வாயில், அதாவது நீர் பரவும் பக்கத்தில், மனை என்றால் அது நேரடி ஆபத்து, சட்டச் சிக்கலும்கூட. கரைக்கு வெளிப்பக்கம் என்றால் அது பெரும்பாலும் பழைய ஆயக்கட்டு: மதகைத் திறந்தால் தண்ணீர் தானாகப் பாய வேண்டும் என்பதற்காகவே தாழ்வாக அமைந்த நஞ்சை நிலம். விவசாயம் நின்றதும் மதகு துருப்பிடிக்கும், பாசன வாய்க்கால் தெருவாகும். ஆனால் ஏரி நிறைந்தால் கலங்கலில், அதாவது உபரி நீர் வழியும் இடத்தில், வெளியேறும் நீருக்கு எந்த மனைப்பிரிவும் விலக்கில்லை. போக்குக் கால்வாய் இருந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் இருந்தால், அது சுவரைச் சுற்றிக்கொண்டு தாழ்வான வீட்டைத் தேடும்.

அதனால் கிரயப் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன் சர்வே எண்ணை வாங்கி, நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும், அதன் அளவையும் எல்லையையும் காட்டும் புலப்படமும் (எஃப்எம்பி என்று கேட்டால் உடனே புரியும்) எடுங்கள். இரண்டுமே வருவாய்த் துறையின் இணையச் சேவையில் கிடைக்கும். அ-பதிவேட்டில் நஞ்சை என்றிருந்தால் மேலே சொன்ன கதை. பக்கத்து சர்வே எண்களையும் விடாமல் பாருங்கள். உங்கள் எண் சுத்தமான பட்டா நிலமாக இருந்து, ஒட்டிய எண் வாய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால், அந்த வாய்க்கால் இன்று தரையில் எங்கே இருக்கிறது என்று நடந்து தேடுங்கள். காணோம் என்றால் காரணம் கேளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் மழைக்காலப் படம் கிடைத்தால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

மீதிப் பாதி தெருவில் கிடைக்கும். ஒரு மணி நேரம் நடந்தால் போதும். பக்கத்து வீடுகளின் பேஸ்மட்டம் என்ன உயரம்? பழைய வீடு சாலைக்குக் கீழே போயிருக்க, புது வீடு நாலடி தூக்கிக் கட்டியிருந்தால், கட்டியவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. சுவரில் ஒரே மட்டத்தில் கறை ஓடுகிறதா? வாடகைக்கு இருப்பவரிடம் கேளுங்கள், உண்மையைச் சொல்லிவிடுவார். சொந்த வீட்டுக்காரர் மனை விலையை நினைத்துச் சற்று யோசிப்பார். பால் போடுபவரிடம் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எந்தத் தெருவுக்கு வண்டி போகவில்லை என்று கேட்டுப் பாருங்கள். வரைபடம் போல ஒப்பிப்பார்.

சரி, முத்திரைக்கு வருவோம். "அப்ரூவ்டு" என்ற சொல்லுக்குள் மூன்று வகை ஒளிந்திருக்கிறது. முதலாவது, முறையாக அனுமதி பெற்ற மனைப்பிரிவு. இதில் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். பெரிய மனைப்பிரிவு என்றால், அதாவது சாலை நீங்கலாக 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால், 10 சதவீத நிலம் திறந்தவெளி ஒதுக்கீடாகவும் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது, முறைப்படுத்தப்பட்ட மனை. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்த பிறகு, 2017-இல் அரசு கொண்டுவந்த விதிகளின் கீழ், 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரிக்கப்பட்டவை கட்டணம் செலுத்தி முறைப்படுத்தப்பட்டன. பதிவு செய்யலாம், வீடு கட்ட அனுமதி கேட்கலாம். ஆனால் பூங்காவும் அகலமான தெருவும் கட்டணம் கட்டியதால் முளைத்துவிடாது. மூன்றாவது, "பஞ்சாயத்து அப்ரூவல்". அது அப்ரூவலே இல்லை.

உங்கள் மனை இதில் எது என்று ஒப்புதல் எண்ணோடு எழுத்தில் வாங்குங்கள். ஒப்புதல் வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்த இடத்துக்கு நேரில் போய் நில்லுங்கள். அங்கே வீடு இருந்தால் விலை பேசுவதை அத்தோடு நிறுத்தலாம். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவெண்ணும் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் தரகர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது, பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அந்த எல்லைக்குள்ளும், எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரையிலும், அறிவியல் ஆய்வு முடியும்வரை புதிய கட்டட அனுமதி தரக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. மனைப்பிரிவுக்கு எப்போதோ வாங்கிய ஒப்புதல் செல்லுபடியாகலாம். நீங்கள் வீடு கட்டக் கேட்கும் அனுமதி வேறு, அது நின்றுபோகலாம். மனை இருக்கும், பத்திரம் இருக்கும், வங்கிக்கு மாதத் தவணை போய்க்கொண்டிருக்கும், கட்ட மட்டும் முடியாது. உங்கள் சர்வே எண் அந்த வரம்புக்குள் வருகிறதா, இன்றைய தேதியில் உத்தரவின் நிலை என்ன என்று சிஎம்டிஏவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தத் தடையைத் திட்டுபவர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் சதுப்பைச் சுற்றி ஒரு வரம்பை இருபது ஆண்டு முன்பே போட்டிருந்தால் இன்று யார் காசும் சிக்கியிருக்காது.

மெட்ரோ விஷயத்தில் தரகர் பாதி உண்மை சொல்கிறார். இரண்டாம் கட்டத்தின் ஐந்தாவது வழித்தடம் மாதவரத்தில் தொடங்கி ஆலந்தூர், மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரை, 47 கிலோமீட்டர். மூன்றாவது வழித்தடம் பழைய மகாபலிபுரம் சாலையில் சிறுசேரி வரை. இரண்டும் ஓடத் தொடங்கினால் மனைவிக்கு ஆலந்தூரில் மாறிக் கிண்டி, உங்களுக்குச் சோழிங்கநல்லூரில் மாறிச் சிறுசேரி. காகிதத்தில் அருமையான இடம்தான். ஆனால் "பத்து நிமிஷம்" என்பது ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு பைக்கில் போனால். திங்கட்கிழமை எட்டரைக்கு, மழை தூறும்போது, ஷேர் ஆட்டோவில் போய்ப் பாருங்கள். அதுதான் உங்கள் நிமிடக் கணக்கு.

ரயில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த மூன்று நாலு கிலோமீட்டரை நம்முடைய திட்டங்கள் கடைசியாகத்தான் நினைக்கின்றன. கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் பேருந்து முனையம் கட்டி 2023 டிசம்பர் 30-இல் திறந்தார்கள். தாம்பரம்–செங்கல்பட்டு ரயில் பாதை பக்கத்திலேயே போகிறது, ஆனால் திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. நள்ளிரவில் பெட்டியோடு இறங்கியவர்களைக் கேட்டால் மீதியைச் சொல்வார்கள். வேளச்சேரிக்கு 2007-இல் வந்த பறக்கும் ரயில் அடுத்த 5 கிலோமீட்டர் தாண்டிப் பரங்கிமலையைத் தொட, அன்று பிறந்த பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் ஆனது. இடையில் ஆதம்பாக்கத்தில் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்கு. இவர்களாவது பெட்டி தூக்கிய பயணிகள், தாமதத்தைப் பொறுத்தவர்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களாக 20,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி, நகரின் ஆற்றங்கரைகளிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றினார்கள். வீட்டு வேலைக்கும் மீன் வியாபாரத்துக்கும் பழைய இடத்துக்கே போக வேண்டியவர்களுக்கு பஸ் கட்டணமும் பயண நேரமுமே பாதிக் கூலியைத் தின்றன. வீடு முதலில், வண்டி பிறகு என்ற வரிசையின் விலை அது. நீங்கள் கார் வைத்திருக்கலாம். அந்தக் காரோடு மேடவாக்கம் சந்திப்பில் நிற்கப் போவதும் நீங்கள்தான்.

80 அடிச் சாலைக்கு எந்த மதிப்பும் போடாதீர்கள். தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 38-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். திட்டத்தில் சாலைக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கிய நிலத்தை 3 ஆண்டுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த ஒதுக்கீடு விடுவிக்கப்பட்டதாகக் கருதப்படும். இப்படிக் காலாவதியான கோடுகளைக் காட்டி மனை விற்பது பழைய வித்தை. "நிலமெடுப்பு அறிவிக்கை எண் என்ன?" என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

இதே பிரிவுதான் உங்கள் சங்கத்தின் மனுவுக்கும் பொருந்தும். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் வந்து 2026 வரைக்குமானது. மூன்றாவது 2046 வரைக்குமானது. வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்பது சட்டம், அதனால் மனு வீண் இல்லை. எழுதும் விதம்தான் முக்கியம். "எங்கள் பகுதிக்கு அடிப்படை வசதி செய்து தரவும்" என்றால் கோப்பில் போய்ப் படுத்துவிடும். இன்ன சர்வே எண்களில் ஓடும் போக்குக் கால்வாயின் அகலம் புலப்படத்தில் இவ்வளவு, தரையில் இவ்வளவு, இதைத் திட்ட வரைபடத்தில் கால்வாயாகவே குறித்துக் கட்டடம் வராத பகுதியாக வைக்கவும் என்று எழுதுங்கள். மெட்ரோ நிலையத்துக்குச் சிற்றுந்து எந்தத் தெருக்கள் வழியாக வர முடியும் என்று தெரு அகலத்தோடு தனி மனு ஒன்று, அதை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு (கும்டா என்பார்கள்) அனுப்புங்கள். பூங்கா கேட்பதை விடக் கால்வாய் கேட்பது புத்திசாலித்தனம். கால்வாய் நிலம் ஏற்கெனவே அரசுடையது, கையகப்படுத்த வேண்டியதில்லை, காலாவதியும் ஆகாது.

அப்புறம், உங்கள் முதல் கேள்வி. இந்த வாரம் டோக்கன் வேண்டாம். அ-பதிவேடு, புலப்படம், ஒப்புதல் எண், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, ராம்சார் வரம்பு பற்றிய எழுத்துப் பதில் ஆகியவை கைக்கு வரட்டும். முடிந்தால் ஐப்பசி மழை ஒன்று பெய்து ஓயட்டும், மறுநாள் காலை மனையில் போய் நின்று பாருங்கள். அதற்குள் வேறொருவர் வாங்கிவிடுவார் என்று தரகர் மிரட்டினால், வாங்கட்டும். ஏரிக் கலங்கல் எந்தத் திசையில் இருக்கிறது, மனை அதற்குக் கீழா மேலா என்பதைக் குறித்துக்கொண்டு ஆவணங்களோடு திரும்ப எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு விலையைப் பற்றிப் பேசலாம்.