ஆர் படிப்பதா, எஸ்பிஎஸ்எஸ் படிப்பதா?

தம்பி, தமிழ் இலக்கியம் படித்துவிட்டு சமூகவியல் முதுகலைக்காக இங்கிலாந்து வந்திருக்கிறீர்கள். எண்களை வைத்துச் சமூகத்தை ஆராயும் அளவுசார் ஆய்வுமுறை கட்டாயப் பாடம் என்றதும் தூக்கம் போய்விட்டது, ஆர், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள்களில் எதைப் படிப்பது, காசு கட்டித் தனி வகுப்புக்குப் போகவேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் துறையில் எதைச் சொல்லித்தருகிறார்களோ அதையே படியுங்கள். தேர்வு உங்கள் கையில் என்றால் ஆர். அது இலவசம், படிப்பு முடிந்து பல்கலைக்கழகக் கணக்கு போனாலும் உங்களிடம் இருக்கும். இதில் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை.

தனி வகுப்பென்றால், தரவு ஆய்வைச் சொல்லித்தரும் எசெக்ஸ் பல்கலைக்கழகக் கோடைப் பள்ளிக்கு நல்ல பெயர் உண்டு. 1968 முதல் நடக்கிறது. கட்டணமும் உண்டு, ஆகவே இப்போது வேண்டாம். முதலில் ஆய்வுத் தரவுகளைச் சேமித்து வழங்கும் யுகே டேட்டா சர்வீஸில் பதிவு செய்து, 'அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டி' தரவை இறக்கிக்கொள்ளுங்கள். 2009இல் சுமார் 40,000 குடும்பங்களோடு தொடங்கி, அதே ஆட்களை ஆண்டுதோறும் தேடிப்போய்க் கேட்டுவரும் கணக்கெடுப்பு அது. மாணவர்களுக்கு இலவசம்.

இறக்கிய கையோடு, ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் ரிக்ரெஷன் போட உட்காராதீர்கள். கணக்கெடுப்பின் கேள்விப் படிவத்தையும் தரவின் விளக்கக் கையேட்டையும் படியுங்கள். பதில் சொல்ல மறுத்தவருக்கு -2, தெரியாது என்றவருக்கு -1, கேள்வியே பொருந்தாதவருக்கு -8 என்று தரவில் குறித்திருப்பார்கள். இவற்றை நீக்காமல் வேலை நேரத்துக்குச் சராசரி எடுத்தால், மறுத்தவரெல்லாம் வாரத்துக்கு மைனஸ் இரண்டு மணி நேரம் உழைத்தவராகக் கணக்கில் ஏறுவார். மென்பொருள் முணுமுணுக்கக்கூடச் செய்யாது.

அடுத்தது எடை, அதாவது ஒவ்வொருவர் பதிலையும் மக்கள்தொகையில் அவர்களுடைய பங்குக்கேற்ப ஏற்றி இறக்கும் எண். இந்திய, பாகிஸ்தானிய, வங்கதேச, கரீபிய, ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஆய்வுக்குப் போதிய எண்ணிக்கையில் வேண்டுமென்று, அவர்களை மாதிரியில் வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். எடை போடாமல் எண்ணினால் பிரிட்டனில் நம்மவர்கள் உண்மையைவிடப் பெருகித் தெரிவார்கள். யாரைக் கேட்டார்கள், யார் விட்டுப்போனார்கள் என்று துருவுவதற்குக் கணிதம் தேவையில்லை. சுவடிகளில் பாடபேதம் பார்க்கும் கண் போதும். அது உங்களிடம் இருக்கிறது.

உண்மையில் தொடர்பே இல்லையென்றாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்வது பி-மதிப்பு. அது 0.05க்குக் கீழே வந்துவிட்டால் 'நிரூபணமாயிற்று' என்று எழுதிவிடாதீர்கள். கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவை அது அளப்பதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016இல் அறிக்கை விட்டது.

இங்கே ஆசிரியர்கள் மாணவரைச் சந்திக்கவென்றே வாரத்தில் நேரம் ஒதுக்கியிருப்பார்கள். பெயர் சொல்லி அழைக்கச் சொல்வார்கள். கொஞ்ச நாள் நாக்கு கூசும், பரவாயில்லை. 'புரியவில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த வரியில் நின்றுவிட்டீர்கள் என்று நிரலையும் பிழைச் செய்தியையும் அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.